குவாண்டம்: மூலம் ஒன்று, உரை பல

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால் பேச்சு எங்கே வேண்டுமானாலும் போகும். போன மாதம் ஒருநாள் அது குவாண்டம் இயற்பியலுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் ஏதோ ஒரு காணொளி பார்த்துவிட்டு வந்திருந்தார். "வாத்தியாரே, விஞ்ஞானமே ஒத்துக்கிருச்சு. நாம பார்க்கலைன்னா அந்த நிலா அங்க இல்லையாம்" என்றார். கூட வந்திருந்த அவருடைய பேத்தி பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. "போங்க தாத்தா, அதெல்லாம் தத்துவம். கணக்குப் போட்டா விடை சரியா வருது. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள்.

முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்ல ஒரு டீ நேரம் போதவில்லை. அந்த மீதிதான் இது. கணக்குத் தெரிய வேண்டியதில்லை; மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று தெரிந்தால் போதும்.

சண்டை எதைப் பற்றியது இல்லை

குவாண்டம் இயங்கியல் என்பது அணு, எலக்ட்ரான், ஒளி போன்ற மிகச் சிறியவை எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் விதிகளின் தொகுப்பு. 1925இல் ஹைசன்பர்க்கும் 1926இல் ஷ்ரோடிங்கரும் அதை இரண்டு வேறு வடிவங்களில் எழுதினார்கள். இரண்டும் ஒன்றேதான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

அந்தக் கணக்கு வேலை செய்கிறதா என்பதில் சண்டையே கிடையாது. திருவிழாவுக்கு மாசி வீதியில் தொங்கும் எல்.இ.டி. விளக்கு, செல்போனுக்குள் இருக்கும் சிப், ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன், கடையில் விலையைப் படிக்கும் லேசர் எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. எலக்ட்ரான் எவ்வளவு வலுவான காந்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், சோதனையில் அளந்த எண்ணோடு பத்து இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போகிறது. மனிதன் போட்ட கணக்குகளில் இவ்வளவு துல்லியம் அபூர்வம்.

பிறகு எது உறுத்துகிறது? விடை சரியாக வருகிறது, சரி. அங்கே என்ன நடந்ததால் அந்த விடை வந்தது? இந்தக் கேள்விக்கு நூறு வருஷமாக ஒருமித்த பதில் இல்லை. 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியலாளர்களிடம் கேட்டபோது, எந்த ஒரு விளக்கத்துக்கும் பாதிப் பேருடைய ஆதரவுகூடக் கிடைக்கவில்லை.

குளத்து அலையும் திருமங்கலம் பஸ்ஸும்

தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கல்லெறிந்தால் இரண்டு வளையங்கள் விரிந்து ஒன்றோடொன்று கலக்கும். மேடும் மேடும் சேர்கிற இடத்தில் தண்ணீர் இரட்டிப்பாக எழும். மேடும் பள்ளமும் சேர்கிற இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர்.

எலக்ட்ரானுக்கு இப்படி இரண்டு வழிகளைத் திறந்துவைத்து, அப்பால் ஒரு திரையை வைத்தால் என்ன ஆகும்? 1989இல் ஜப்பானில் தோனோமுராவின் குழு ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே போகும்படி இதைச் செய்து காட்டியது. ஒவ்வோர் எலக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளி வைத்தது. கோலப் புள்ளி மாதிரி தெளிவான புள்ளி, ஆனால் ஒழுங்கில்லாமல் அங்கொன்று இங்கொன்று. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்த பிறகு பார்த்தால் வரிவரியாகப் பட்டைகள். சில இடங்களில் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, இடையிடையே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குளத்தில் பார்த்த அதே குறுக்கீடுதான்.

இதில் என்ன அதிசயம் என்று புரிய ஒரு பஸ் உதவும். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குத் திருப்பரங்குன்றம் வழியாகவும் வரலாம், பைபாஸ் வழியாகவும் வரலாம். ஒரு வழியை மட்டும் திறந்தால் மணிக்குப் பத்து பஸ் வருகிறது என்று வையுங்கள். இன்னொரு வழியையும் திறந்தால் பஸ் கூடும். கூடாவிட்டாலும் நிச்சயம் குறையாது. இரண்டு வழியையும் திறந்த பிறகு நிலையத்துக்கு ஒரு பஸ்கூட வரவில்லை என்றால் நாம் டெப்போவுக்குப் போய்ச் சத்தம் போடுவோம். எலக்ட்ரான் விஷயத்தில் நடப்பது அதுதான். ஒரு வழி மட்டும் திறந்திருந்தபோது புள்ளிகள் விழுந்த இடத்தில், இரண்டாவது வழியையும் திறந்ததும் புள்ளி விழுவது நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் போவது ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

இதைக் கணக்கிடுவதற்காக எலக்ட்ரானுக்கு ஓர் அலையை எழுதுகிறோம். அதன் பெயர் அலைச்சார்பு. இரண்டு வழிகளும் அந்த ஒரே அலையில் சேர்ந்திருப்பதற்கு மேற்பொருந்தல் என்று பெயர். ஓரிடத்தில் அலையின் உயரத்தை வர்க்கப்படுத்தினால், அங்கே புள்ளி விழுவதற்கான நிகழ்தகவு, அதாவது நூற்றுக்கு எத்தனை முறை என்கிற கணக்கு, கிடைத்துவிடும். 1926இல் மாக்ஸ் போர்ன் சொன்ன விதி இது. இதற்கு நோபல் பரிசு கிடைக்க அவர் 1954 வரை காத்திருந்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "எலக்ட்ரான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது" என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து பட்டிமன்றம் வரை சொல்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அலையில் இரண்டு வழியும் இருக்கிறது என்பதோடு கணக்கு நின்றுவிடும். அந்த அலை எலக்ட்ரானேதானா, எலக்ட்ரானைப் பற்றிய நம் தகவலா என்பதில்தான் சண்டையே ஆரம்பிக்கிறது.

இதுவரை பார்த்தது: போவது அலைபோலப் போகிறது, விழுவது புள்ளியாக விழுகிறது. எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எத்தனை முறை என்று சொல்ல முடியும்.

அழகரின் பட்டுப் பெட்டி

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குவார் என்று மதுரையே பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் பல நிறப் பட்டுகள் இருக்கும், பட்டர் உள்ளே கையை விட்டு எடுப்பார், கைக்கு வந்ததுதான் அந்த வருஷத்துக்கு என்பார்கள். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை.

பெட்டியைத் திறக்கும்வரை எந்த நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பட்டுக்கும் ஒரு நிறம் ஏற்கெனவே உண்டு. நிகழ்தகவு நம்முடைய அறியாமையால் வந்தது. பட்டில் குழப்பம் ஏதும் இல்லை.

குவாண்டமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டைன் நினைத்தார். எலக்ட்ரானுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது, கொள்கைக்குத்தான் அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே கொள்கை முழுமையடையவில்லை. 1926 டிசம்பரில் போர்னுக்கு எழுதிய கடிதத்தில்தான் கடவுள் பகடை உருட்டுவதில்லை என்ற அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தின் மூலவடிவம் இருக்கிறது. (கைலாசத்தில் பார்வதியோடு சொக்கட்டான் ஆடுகிறவரைக் கும்பிடும் ஊரில் இந்த வாதம் எடுபட்டிருக்குமா தெரியாது.) ஆனால் பகடையைவிட அவரை அதிகம் உறுத்தியது வேறொன்று: பார்க்கும் முன்பு அங்கே ஒன்று இருந்தது என்று சொல்லக்கூட இந்தக் கொள்கை மறுக்கிறதே என்பது.

டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் எதிர்ப்பக்கம். (போர்ன் வேறு, போர் வேறு, பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) கை, பெட்டி, பட்டு எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டில்தான் நிறம் என்ற பேச்சுக்கு அர்த்தம் வருகிறது, பெட்டிக்குள் தனியாகக் கிடக்கும்போது என்ன நிறம் என்று கேட்பதே கேள்வியாகாது என்பது ஏறத்தாழ அவர் நிலை. 1927இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சால்வே மாநாட்டில் தொடங்கி இருவரும் இதைப் பற்றிப் பல வருஷம் வாதாடினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் நிலா இங்கேதான் வருகிறது. நீங்கள் பார்க்கும்போது மட்டும்தான் நிலா இருக்கிறது என்று நம்புகிறீர்களா என்று, ஒருமுறை சேர்ந்து நடந்து போகும்போது ஐன்ஸ்டைன் தன்னிடம் கேட்டதாக இயற்பியலாளர் ஆபிரகாம் பைஸ் எழுதியிருக்கிறார். அது போர் தரப்பை மடக்கக் கேட்ட கேள்வி. இன்றைக்கு விஞ்ஞானம் கண்டுபிடித்த முடிவாகச் செல்போனில் சுற்றுகிறது.

ஷ்ரோடிங்கரின் பூனைக்கும் அதே கதிதான். 1935இல் அவர் அதை எழுதியது நையாண்டியாக. அணு ஒன்று சிதைந்தால் விஷக்குப்பி உடையும், பூனை சாகும் என்று ஒரு பெட்டியைக் கற்பனை செய்தார். அணுவின் அலையில் சிதைந்ததும் சிதையாததும் மேற்பொருந்தியிருந்தால், உங்கள் கணக்குப்படி பூனையும் செத்தும் பிழைத்தும் இருக்க வேண்டுமே, இது அபத்தமாக இல்லையா என்றார். அபத்தம் என்று காட்டப்போன உதாரணம் சட்டைகளில் அச்சாகி, கொள்கையின் சின்னமாகவே ஆகிவிட்டது.

பார்ப்பது யார்?

உண்மையான சங்கடத்தை இப்போது நேராகச் சொல்லிவிடலாம். பாடப்புத்தகக் குவாண்டத்தில் இரண்டு விதிகள் இருக்கின்றன. முதல் விதி: யாரும் அளக்காதவரை அலை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி சீராக நகரும், மேற்பொருந்தல் கலையாது. இரண்டாம் விதி: அளந்தால் அலை சட்டென்று ஒரு விடைக்குச் சுருங்கும், எந்த விடை என்பது நிகழ்தகவுப்படி. இந்தச் சுருக்கத்தை அலைச் சரிவு என்கிறார்கள்.

சரி, அளப்பது என்றால் என்ன? அளக்கும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே. முதல் விதி அணுக்களுக்கு உரியது என்றால் கருவிக்கும் அதுதானே விதி? அப்படியானால் கருவியின் முள்ளும் இடதும் வலதுமாக மேற்பொருந்தி நிற்க வேண்டும். நிற்பதில்லை. முதல் விதி எந்த இடத்தில் கைகழுவுகிறது, இரண்டாம் விதி எந்த இடத்தில் பொறுப்பேற்கிறது என்று கொள்கையில் எழுதவில்லை. இதன் பெயர் அளவீட்டுச் சிக்கல். இயற்பியலாளர் ஜான் பெல் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், அடிப்படைக் கொள்கை ஒன்றில் "அளவீடு" என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று கோபப்பட்டார். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது.

இங்கே நுழைந்து, அளப்பது மனித மனம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. காணொளிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1961இல் யூஜீன் விக்னர் என்ற பெரிய இயற்பியலாளரே அந்தத் திசையில் எழுதினார், பிறகு விலகிவிட்டார். ஆனால் கணக்கில் மனம் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. எலக்ட்ரான் எந்த வழியில் போனது என்ற தடயத்தை ஒரு கருவியோ, சுற்றியுள்ள காற்று மூலக்கூறோ பிடித்துக்கொண்டாலே பட்டைகள் அழிந்துவிடும். அறையில் ஆள் இல்லாவிட்டாலும், ராத்திரி முழுக்கக் கருவி தனியாக ஓடினாலும் அப்படித்தான்.

இப்படித் தடயம் சுற்றுப்புறத்தில் கசிந்து குறுக்கீடு மறைவதை ஒத்திசைவு இழப்பு என்கிறார்கள். பூனை, பஸ், நாம் எல்லாம் ஏன் அலைபோல நடந்துகொள்வதில்லை என்பதற்கு இது நல்ல பதில். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் ஒவ்வொரு கணமும் நம்மைத் தொட்டுத் தடயம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. இதனால் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். தீரவில்லை. ஒத்திசைவு இழப்புக்குப் பிறகு இரண்டு விடைகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் பிரிந்து நிற்கின்றன, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று மட்டும் ஏன் நம் கண்ணில் படுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

சுருக்கமாக: கணக்கில் சந்தேகமில்லை, மனம் தேவையில்லை, ஆனால் இரண்டு விதிகளுக்கும் எல்லைக்கல் எங்கே என்று எழுதப்படவில்லை.

இரட்டையர் எழுதிய தேர்வு

இதெல்லாம் முடிவே வராத வாய்ப்பேச்சு என்று பேத்தி சொன்னாள். 1964 வரை அநேகமாக எல்லா இயற்பியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வருஷம் பெல் ஒரு காரியம் செய்தார். அதைப் புரிந்துகொள்ள ஒரு தேர்வுக்கூடம் போதும்.

இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர். ஒருத்தி மதுரையில் எழுதுகிறாள், மற்றவள் திருமங்கலத்தில். போன் கிடையாது. கேள்வித்தாளில் மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் ஆம் அல்லது இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மேற்பார்வையாளர்களும் தங்களுக்குத் தோன்றிய ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான சுற்றுகள் நடத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்ட சுற்றுகளிலெல்லாம் பதில் ஒரு தடவைகூட மாறவில்லை.

எந்த வாத்தியாரும் உடனே சொல்வார்: பிட் அடிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று பதில்களையும் முன்கூட்டியே பேசி, ஆளுக்கொரு பிட்டாக வைத்திருக்கிறார்கள். ஐன்ஸ்டைனின் நிலையும் இதுதான். பட்டின் நிறம் பெட்டிக்குள்ளேயே இருந்தது என்கிறார்.

பிட்டில் மூன்று பதில்கள். ஆம், இல்லை என்று இரண்டே வகை. ஆகவே மூன்றில் குறைந்தது இரண்டாவது ஒன்றாக இருந்தே தீரும். மூன்றும் ஒன்றாக இருந்தால், இருவரிடமும் வேறுவேறு கேள்வி கேட்டாலும் பதில் எப்போதும் ஒத்துப்போகும். இரண்டு ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் இருந்தால், மூன்று ஜோடிகளில் ஒரு ஜோடி ஒத்துப்போகும். எனவே பிட்டில் என்ன எழுதியிருந்தாலும், வேறுவேறு கேள்வி கேட்ட சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்காவது பதில் ஒத்துப்போக வேண்டும். இதற்குக் கீழே போக எந்தப் பிட்டாலும் முடியாது. ஒரு தாளை எடுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம்.

சகோதரிகளுக்குப் பதில் இரண்டு ஒளித்துகள்களை வையுங்கள். ஒரே இடத்தில் உருவாகி, ஒரே அலைச்சார்பைப் பகிர்ந்துகொண்டு எதிரெதிர்த் திசையில் போகிறவை. இதற்குப் பிணைப்பு என்று பெயர். மூன்று கேள்வி என்பது கூலிங் கிளாஸில் இருப்பது போன்ற போலராய்டு வில்லையை ஒன்றுக்கொன்று 60 பாகை வித்தியாசத்தில் மூன்று விதமாகத் திருப்பி வைப்பது. ஒளித்துகள் கடந்தால் ஆம், கடக்காவிட்டால் இல்லை. ஒரே கோணத்தில் வைத்தால் எப்போதும் ஒரே பதில். வேறுவேறு கோணத்தில் வைத்தால் ஒத்துப்போவது எத்தனை முறை? குவாண்டம் கணக்கு சொல்லும் விடை நான்கில் ஒரு பங்கு. அதாவது எந்தப் பிட்டாலும் முடியாத அளவுக்குக் குறைவு.

வைகையில் ஏடு விட்ட புனல் வாதக் கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும். சம்பந்தர் தரப்பும் சமணர் தரப்பும் எதிர்த்துப் போகும் ஏடு ஜெயித்தது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கதையின் கசப்பான பின்பகுதியையும் சரித்திரக் கேள்விகளையும் இங்கே விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது ஏற்பாடு: என்ன நடந்தால் யார் தோற்றார் என்பதை முன்னாலேயே பேசி முடித்துவிடுவது. பெல் இந்த வாதத்தை அப்படி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்.

1972இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் கிளவுசரும், 1982இல் பிரான்ஸில் ஆஸ்பேயின் குழுவும் சோதித்தார்கள். உண்மைச் சோதனைகளில் கணக்கின் வடிவம் கொஞ்சம் வேறு, அடிப்படை இதேதான். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், முடிவைச் சந்தேகிக்க இடம் தந்த முக்கியமான ஓட்டைகளையெல்லாம் அடைத்து ஒரு சோதனை நடந்தது. அதே வருஷம் வேறு இரண்டு குழுக்களும் செய்தன. எல்லாம் குவாண்டம் கணக்கின் பக்கமே நின்றன. ஆஸ்பே, கிளவுசர், இதே துறையில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் 1990இலேயே போய்விட்டார்.

தோற்றது எது என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பதில்கள் முன்பே எழுதப்பட்டிருந்தன, ஓரிடத்தில் செய்தது தூரத்தில் இருப்பதைத் தொடாது, கேள்வியைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. எதை விடுவது என்று சோதனை சொல்லவில்லை. இன்னொன்று: இதை வைத்துத் திருமங்கலத்துக்குத் தகவல் அனுப்ப முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சகோதரியின் பதிலும் காசு சுண்டியது போலத்தான் இருக்கும். இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒற்றுமை தெரியும். தூரத்திலிருந்தே நோய் தீர்க்கும் குவாண்டம் வைத்தியம் என்று யாராவது காசு கேட்டால் இந்த வரி போதும்.

மூலமும் உரையும்

மாக்ஸ் பிளாங்க் பெர்லினில் குவாண்டத்தின் முதல் சூத்திரத்தை விளக்கியது 1900 டிசம்பரில். அடுத்த செப்டம்பரில் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிகழ்ச்சிகள்தான். ஆனால் ஏட்டுச்சுவடிகளோடு மல்லுக்கட்டிய தமிழ்ப் புலவர்களின் சொற்கள், குவாண்டம் சண்டையைப் புரிந்துகொள்ள நான் வகுப்பில் தேடி அலைந்த எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்துகின்றன.

சமன்பாடு மூலம். அது என்ன சொல்கிறது என்பது உரை. ஒரே குறளுக்குப் பத்துப் பழைய உரைகாரர்கள் இருந்தார்கள் என்பார்கள், குறள் மாறவில்லை.

போரின் வழிவந்த, அவர் ஊர்ப் பெயரால் வழங்கும் கோபன்ஹேகன் உரை, மூலத்தைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும், அதற்குப் பின்னால் ஒரு படத்தைத் தேடாதே என்கிறது. பல காலம் கோலோச்சிய உரை. இதற்கு நாம் கொடுக்கும் விலை: கருவி தனி, அணு தனி என்று கோடு போட வேண்டும், கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் பதில் வராது.

1957இல் ஹியூ எவரெட் சொன்னது தமிழ்ப் புலவர்களுக்கு உடனே புரியும்: இரண்டாம் விதி இடைச்செருகல். யாரோ நடுவில் எழுதிச் சேர்த்த அடி. அதை எடுத்துவிட்டு முதல் விதியை மட்டும் படி. படித்தால் அலை சரிவதே இல்லை. எல்லா விடைகளும் நிகழ்கின்றன. கருவியும் அதைப் பார்க்கும் நீங்களும் கிளை பிரிகிறீர்கள். பல உலகங்கள் என்று சினிமா எடுக்கிறார்களே, அதன் வேர் இதுதான், ஆனால் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கதவெல்லாம் இதில் கிடையாது. ஒத்திசைவு இழந்த கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. மூலத்தை இவ்வளவு சுத்தமாகப் படித்த உரை வேறில்லை. விலை: எல்லாமே நடக்கிறது என்றால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதற்கு அர்த்தம் என்ன?

டேவிட் போம் 1952இல் எதிர்வழியில் போனார் (பெயர் மறுபடியும்!). அவருக்கு மூலத்தில் ஓர் அடி விடுபட்டிருக்கிறது. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அலை அதை ஓட்டிச் செல்கிறது. திரையில் புள்ளி விழுந்தால், துகள் அங்கே வந்தது, அவ்வளவுதான். அளவீட்டுச் சிக்கல் காணாமல் போகிறது. விலை: இங்கே செய்வது அங்கே இருக்கும் துகளைக் கணத்தில் பாதிக்கிறது என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்ள வேண்டும், அது, ஒளியைவிட வேகமாக எந்தப் பாதிப்பும் போகாது என்கிற சார்பியல் கொள்கையோடு உரசும். பெல்லை யோசிக்கவைத்ததே இந்த உரைதான்.

1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் சொன்னது பாடபேதம். முதல் விதியே சற்றுத் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. அலை எப்போதாவது தானாகவே சரியும், பொருள் பெரிதாக இருந்தால் சீக்கிரம் சரியும் என்றார்கள். மூலம் மாறுவதால் விடையும் நூலிழை மாறும், எனவே சோதிக்கலாம். இந்த வகையில் சில வடிவங்களைச் சோதனைகள் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டன. தோற்கத் துணிந்த உரை என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

பேத்தியின் கட்சிக்கும் பெயர் உண்டு: வாயை மூடிக்கொண்டு கணக்குப் போடு. 1989இல் டேவிட் மெர்மின் கேலியாக எழுதிய தொடர் இது. வேலை நடக்க நல்ல வழிதான். ஆனால் பெல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிட் கணக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. அதிலிருந்து வளர்ந்த குவாண்டம் ரகசியக் குறியீட்டு முறைகளும் எப்போது வந்திருக்குமோ.

இதை எப்படி வாதிடுவது

பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி வேண்டும், கடைசியில் நடுவர் தீர்ப்பு வேண்டும். குவாண்டத்துக்கு அந்த வடிவம் ஒத்துவராது என்பது என் அனுபவம். கைதட்டல் எப்போதும் நிலா இல்லை என்பவருக்கே விழுகிறது.

மதுரையின் மிகப் பழைய வாதத்தையே பாருங்கள். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா? புலவர் சபையில் நக்கீரர் இல்லை என்கிறார். உத்தமப் பெண்களுக்கு? இல்லை. தேவலோகப் பெண்களுக்கு? இல்லை. கடைசியில் நெற்றிக்கண் திறக்கிறது. நெற்றிக்கண்ணுக்கும் பணியாத அந்தத் துணிச்சலை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அத்தனை பேர் இருந்த சபையில், ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கூந்தலைப் பற்றி ஆரம்பித்தது, பேசுகிறவர் யார் என்பதில் முடிந்தது.

குவாண்டம் வாதமும் "ஐன்ஸ்டைனே சொல்லியிருக்கிறார்" என்ற இடத்தில் நெற்றிக்கண் திறந்துவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: நீங்கள் பேசுவது மூலமா, உரையா? நிலா இல்லை என்பது உரை, அதிலும் ஒரு ஓரத்து உரை. நான்கில் ஒரு பங்கு என்பது மூலம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சண்டை அடங்கிவிடும். நம் சித்தர்கள் அப்போதே சொன்னது என்று வருகிறவரிடமும் இதையேதான் கேட்பேன். அவர்கள் சொன்னது ஆழமாகவே இருக்கலாம். ஆனால் அதிலிருந்து மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்று எடுத்துக் காட்ட முடியுமா?

உரை என்று ஒத்துக்கொண்டால், அடுத்தது விலை. ஒவ்வோர் உரையும் ஒரு சங்கடத்தை நீக்க இன்னொன்றை வாங்கிக்கொள்கிறது. எதிராளியின் உரைக்கு என்ன விலை என்று சொல்வது சுலபம். தன்னுடையதற்கு என்ன விலை என்று முதலில் சொல்கிறவரோடுதான் பேசுவதில் பிரயோசனம். "பார்வையாளர்" என்ற சொல்லை யார் எடுத்தாலும், மனிதரா, கருவியா, காற்றா என்று அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுவதும் நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சுவரில் உட்கார்ந்து சொன்னேன். தாத்தா பிட் கணக்கை ஒரு பழைய டோக்கனின் பின்பக்கத்தில் நாலு தடவை எழுதிப் பார்த்தார், மூன்றில் ஒன்றுக்குக் கீழே போகவே இல்லை. நிலாவை அதோடு விட்டுவிட்டார். பேத்தி மட்டும் கட்சி மாறியிருந்தாள்.

"சார், நான் எவரெட் பக்கம். இடைச்செருகலை எடுத்துட்டா எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப இன்னொரு கிளையில எனக்கு சுகர் இல்லாம, நான் ஜிகர்தண்டா குடிச்சுக்கிட்டு இருப்பேனா?" என்றார் தாத்தா.

"இருக்கலாம் தாத்தா."

"நாலுல ஒரு பங்குன்னா, நாலு நானா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள், டோக்கனை அவரிடமிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள்.